மாப்பிள்ளை ஏரியில் இறங்கிய நாள்

இயேசு மரி சூசை துணை

11.4.97, வெள்ளி

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பேத்தி அனிட்டாவும் உடம்பில் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய் வந்து கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். அனிட்டாவுக்குப் போன வாரம் சளி இருந்தது, கஷாயம் கொடுத்ததில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கோயிலில் முழங்கால் போட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்து நிற்கிறது, பனி சரியாக இறங்காததால் காய் குறைவு.

உன் கடிதம் பாஸ்காப் பண்டிகைக்கு முந்தின பெரிய வாரத்தில் திங்கட்கிழமை வந்தது. பதினெட்டு நாளாகப் பதில் போடாமல் வைத்திருந்தேன். பாஸ்கா வரட்டும் என்றேன், பிறகு அனிட்டாவுக்குச் சளி என்றேன், உண்மையில் எழுதப் பயந்துகொண்டுதான் தள்ளினேன். மாப்பிள்ளை இறந்ததைப் பற்றி, நெஞ்சுவலி என்று அப்பா போனில் சொன்னார், இங்கே வேலை பார்க்கும் இவருடைய சித்தி மகள் தண்ணீரில் போனார் என்கிறாள், எது நிஜம் என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, இன்னும் இரண்டு வருஷம் இருக்கப்போகிறேன் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அவர் போய் இறங்கினாராப்பா என்றும் கேட்டிருக்கிறாய். அந்த இடத்தில் மை கலைந்திருந்தது. ரோஸ்லின், அப்படி இல்லை. நீ காரணம் இல்லை. முதலில் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே படி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், உனக்கு நல்லதாகப் படுகிறதையும் எழுதுகிறேன், படாததையும் எழுதுகிறேன். ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் மறுபடியும் உனக்குச் சந்தேகம் வரும்.

இரண்டு வருஷம் என்று நீ எழுதிய பழைய கடிதம் பிப்ரவரி ஆறாம் தேதி வியாழக்கிழமை வந்தது. மாப்பிள்ளை மோட்டார் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், சாப்பிட்டார், போய்விட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் பேச்சில்லை. கோபமாகவும் இல்லை. அனிட்டாவுக்குச் சோறு ஊட்டினார், அவள் சிலேட்டில் எழுதியதைத் திருத்தினார், நான் ஏதாவது கேட்டால் உம் என்றார். நான்தான் சனிக்கிழமை காலையில், மாப்பிள்ளை, பட்டறையை ஒருநாள் பூட்டுங்க, புதன்கிழமை தவக்காலம் ஆரம்பிச்சிட்டா உங்க மாமி வீட்டுக்குள்ள மீன் வாசனையே விடமாட்டா, வாங்க ஏரிப்பக்கம் போய்ட்டு வருவோம் என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னார். நான் விடவில்லை. அனிட்டாவும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள், அவளுக்கு அன்று ஞான உபதேச வகுப்பு, அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேட்டூர் அணையை மூடிப் பத்து நாளாகியிருந்தது. வாய்க்காலெல்லாம் வடிந்து, ஏரியிலிருந்து வடக்கே பிரிகிற ஓடையில் முழங்காலளவு தண்ணீர் தெளிவாக நின்றது. நீ சின்னப் பிள்ளையில் துணி அலச அம்மாவோடு போவாயே, அந்த மூங்கில் பாலத்துக்கு அடியில்தான் முதலில் உட்கார்ந்தோம். நான் மண்புழு தோண்டிக் கொடுத்தேன், அவர் தூண்டிலில் கோத்தார். பேராவூரணித் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவருக்குத் தூண்டில் பழக்கம் கிடையாது, தக்கை ஆடியதும் வெடுக்கென்று இழுத்துவிடுவார், மீன் போய்விடும். முதல் ஒரு மணி நேரம் நாலு கெளுத்தியும் ஒரு குறவையும்தான், அதுவும் நான் பிடித்தது. வரப்பில் வாத்துக்காரர் பஞ்சநதம் தன் வாத்துகளை ஓட்டிக்கொண்டு அறுத்த வயலுக்குள் போனார். மார்கழி கடைசியிலிருந்து அவர் நம் ஊர் வயல்களில்தான் வாத்து மேய்க்கிறார், ஏரிக்கரையில் படல் கட்டித் தங்கியிருந்தார். என்ன பெரியவரே, மாப்பிள்ளைக்குத் தொழில் கத்துக்குடுக்கிறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்த பிறகு மாப்பிள்ளையே பேசினார். மாமா, ரோஸ்லின் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கப் போறேன்னு எழுதியிருக்கா என்றார். தெரியும் மாப்பிள்ளை, மாமியும் படிச்சா என்றேன். உங்களுக்கு என்ன தோணுது என்று கேட்டேன். வேணாம், வந்துடுன்னு எழுதணும்னுதான் நேத்து உக்காந்தேன், அவ அங்க நின்னுக்கிட்டே சாப்பிடுறதா எழுதியிருந்தா, அதப் பாத்ததும் எழுத வரல என்றார். பிறகு, அனிட்டாவுக்கு அவ மொகம் போட்டோவுலதான் தெரியுது மாமா என்றார். நான் இன்னொரு மண்புழுவை எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவுதான் அவர் உன்னைப் பற்றிப் பேசியது. இதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வருத்தம் இருந்தது. அது எந்தப் புருஷனுக்கும் இருக்கும். ஆனால் அடுத்த நிமிஷமே அவர் தூண்டிலில் ஒரு விரால் மாட்டியது, முழங்கை நீளம், இந்தத் தடவை அவசரப்படாமல் விட்டுப் பிடித்துக் கரையேற்றினார். ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார் பார், கல்யாணத்தன்றைக்குக்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை கீழத்தெரு ஆள் ஒருத்தருக்கு மோட்டார் காயில் சுற்றி மாட்டித் தர வேண்டும், உளுந்துக்குத் தண்ணீர் கட்ட அவர் காத்திருக்கிறார், சாயங்காலம் போய் அந்த வேலையை முடித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். சாகப் போகிற மனுஷன் திங்கட்கிழமை வேலையைப் பற்றிக் கவலைப்படுவாரா.

பத்தரை மணி இருக்கும், நான்தான் ஏரிக்குப் போகலாம் என்றேன். வலை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, அதையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மேற்குக் கரையில் மதகுக்குத் தெற்கே நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கரையோரமாக நடந்து வளைத்து வலையை விட்டார். அரைமணி கழித்து இழுத்தபோது நடுவில் எதிலோ மாட்டிக்கொண்டது. ஏரிக்குள் பழைய கருவேலங்கட்டை கிடக்கும், அதில்தான் மாட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. மாப்பிள்ளை, போனா போகுது மாமா, அறுத்துட்டு வந்துடுவோம் என்றார். நான்தான், எதுக்கு அறுக்கணும், இடுப்பளவுத் தண்ணிதான், நடந்து போய் எடுத்துவிடுங்க என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஆழம் நிச்சயமாத் தெரியுமா மாமா, எனக்குக் கிணத்து நீச்சல்தான் என்றார். அதற்கு நான் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை ரோஸ்லின். முப்பத்தோரு வருஷம் லஸ்கரா இந்த ஏரி மதகுக்குச் சாவி வச்சிருந்தவன், என்கிட்டயா ஆழம் கேக்குறீங்க என்றேன். அவரும் சிரித்தார். சட்டையைக் கழற்றி மடித்துக் கரையில் வைத்தார், வாட்சைக் கழற்றி அதன்மேல் வைத்தார், இறங்கினார்.

முழங்கால், தொடை, இடுப்பு வரைக்கும் நடந்து போனார். கட்டைக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது ஒரு எட்டு வைத்தவர் அப்படியே இல்லாமல் போய்விட்டார். சத்தம் எதுவும் வரவில்லை. வலையில் மாட்டியதை எடுக்க முங்கியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தலை ஒரு தடவை மேலே வந்தது, வாய் திறந்திருந்தது, திரும்பப் போய்விட்டது. இன்னொரு தடவை கை மட்டும். போன கோடையில் ரோடு போடுவதற்கென்று மெஷின் வைத்து ஏரிக்குள் மண் தோண்டினார்கள். நம் வீட்டு வாசல் வழியாகத்தான் இரண்டு மாதம் லாரி போயிற்று. தூசி தாங்கவில்லை என்று நான் லாரிக்காரனோடு சண்டைகூடப் போட்டேன். எந்த இடத்தில் தோண்டுகிறான், எவ்வளவு தோண்டுகிறான் என்று போய்ப் பார்க்கவில்லை. கிழக்குப் பக்கம் என்று யாரோ சொன்னதாக ஞாபகம், அதோடு விட்டுவிட்டேன். ரிட்டையர் ஆனவனுக்கு ஏரியோடு என்ன வேலை என்று ஒரு வீம்பு. பள்ளம் கிணறு மாதிரிச் செங்குத்தாக வெட்டியிருக்கிறது. மழை பெய்து ஏரி நிறைந்ததும் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிந்தது.

நான் வேட்டியோடு இறங்கி ஓடினேன். எனக்கும் கால் நழுவிற்று, தண்ணீர் குடித்தேன், பின்னால் வந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதில் அந்தப் பள்ளத்துக்குள் முங்கி ஆளைத் தூக்க என்னால் முடியவில்லை. வலையின் கயிறு என் கையில் இருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கம் அவர் பிடித்திருந்தார், ரோஸ்லின். அவர் இழுப்பது கயிறு வழியாக என் கைக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை விடாதீங்க, விடாதீங்க என்று கத்திக்கொண்டே பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். கட்டையில் மாட்டிய வலை வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து இழுப்பு நின்றுவிட்டது, அதுவும் என் கைக்குத் தெரிந்தது. நான் இழுக்க இழுக்க வலை அவரைச் சுற்றி இறுக்கிவிட்டதோ என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். பஞ்சநதம் அப்படி இல்லை, வலை காலில்தான் சுற்றியிருந்தது, அதற்கு முன்னாலேயே சேற்றில் கால் புதைந்திருந்தது என்று சொன்னார். எனக்காகச் சொன்னாரா என்று தெரியாது.

நான் கத்தின கத்தலில் பஞ்சநதம் வாத்துகளை விட்டுவிட்டு வரப்பெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். இடுப்பில் இருந்த அரிவாளோடு முங்கினார். மூன்றாவது முங்கலில் வலையை அறுத்து மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரையில் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினோம், வயிற்றை அழுத்தினோம். சேறும் தண்ணீரும்தான் வந்தது. அவருடைய இரண்டு கையும் வலைக்கயிற்றைப் பிடித்தபடியே இருந்தது. பஞ்சநதம் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உன்னிடம் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். போக நினைத்தவர் கை அப்படிப் பிடிக்காது. அவர் மேலே வரத்தான் பார்த்தார். உன்னிடமும் பிள்ளையிடமும் வரத்தான் கடைசி வரைக்கும் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், இதை நீ நம்பு.

வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவர் நாடியைப் பார்த்த நேரத்தைவிட போலீஸ்காரர் எழுதிக்கொண்ட நேரம்தான் அதிகம். வலையை எடுக்க அவராக இறங்கினார் என்று நான் வாக்குமூலம் கொடுத்தேன். நான் இறங்கச் சொன்னேன் என்று சொல்லவில்லை. அங்கேயிருந்து ஹாஜா மைதீன் பாய் கடைக்கு வந்து உன் ஹாஸ்டலுக்கு போன் போட்டார்கள். லைன் கிடைத்ததும் ரிசீவரை என் கையில் கொடுத்தார்கள். நீ, என்னப்பா, இந்நேரம் போன் பண்றீங்க, அனிட்டாவுக்கு என்னாச்சு என்று கேட்டாய். நெஞ்சுவலி என்று என் வாயில் வந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பாய்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். தனியாக இருக்கிற பெண், தண்ணீரில் போனார் என்றால் தாங்க மாட்டாள், அதனால் சொன்னேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், அவர்களும் சரி என்று வாயை மூடிக்கொண்டார்கள். உனக்காகச் சொன்ன பொய் இல்லை அது. தண்ணீர் என்றால் எப்படி, யார் கூட இருந்தார்கள் என்று நீ அடுத்துக் கேட்பாய். அதற்குப் பயந்து சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடக்கம். உனக்கு லீவு கிடைத்து டிக்கெட் கிடைத்து வர ஆறு நாளாகும் என்றார்கள், உடம்பு இருந்த நிலைமையில் வைத்திருக்க முடியவில்லை. கோயிலில் கூட்டம் நிறைய இருந்தது, மோட்டார் ரிப்பேருக்கு வருகிற ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள். பஞ்சநதம் கோயில் வாசலிலேயே நின்றார். கல்லறையிலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, அந்த எடத்துல பள்ளம் இருக்குன்னு எனக்குத் தெரியும் பெரியவரே, ஒரு மாசமா அங்கதான கெடக்குறேன், ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார். பத்து நாள் கழித்து நான் ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் விட்டுப் பார்த்தேன். பதினாறு அடி மூங்கில், கை முனை வரைக்கும் போயிற்று. நாலு பக்கமும் கம்பு நட்டுத் துணி கட்டிவிட்டு வந்தேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது. முப்பதாம் நாள் பூசைக்குச் சம்மந்தியம்மா பேராவூரணியிலிருந்து வந்திருந்தார்கள். பூசை முடிந்து வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, எம்புள்ள மீன் புடிக்கவா போனான், அவ வரமாட்டேன்னு எழுதுனதுல மனசு ஒடிஞ்சு போய் விழுந்திருக்கான், அவதான் எம்புள்ளயக் கொன்னா என்றார்கள். பத்து இருபது பேர் இருந்தார்கள். அம்மா சமையலறையில் இருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். இல்லை சம்மந்தி, நான்தான் இறங்கச் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சுதான் சித்தி மகள் மூலமாகக் கடல் தாண்டி உன்னிடம் வந்திருக்கிறது. என் மகள் மேல் பழி விழட்டும், என் மேல் விழ வேண்டாம் என்று நான் ஒரு மாதம் சோறு தின்றிருக்கிறேன். பாஸ்காவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் சொன்னதை உன் மகளிடமும் அந்தத் தாயிடமும் சொல், அதுதான் உனக்கு அபராதம் என்றார். செபமாலை சொல் என்றால் இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் இதுவரை தெரியாது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். அனிட்டாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவள் விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள். சாப்பாடு போட்டாள், பேசவில்லை. இன்று காலையில் அனிட்டாவின் நோட்டில் இருந்து இந்தத் தாள்களைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அனிட்டாவுக்கு அப்பா ஏரியில் போனது தெரியும். தெரியாமல் வைக்க முடியவில்லை, தெருப்பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். பகலில் விளையாடுகிறாள். குளிக்க ஆற்றுக்கு வரமாட்டேன் என்கிறாள், கொல்லையில் வாளித் தண்ணீர்தான். மீன் வாங்கினால் அந்தப் பக்கமே வருவதில்லை, அதனால் நாங்களும் வாங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கப் பேர் கொடுத்துவிட்டோம். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

நீ அங்கே இருப்பதா, வந்துவிடுவதா என்று நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிற யோக்கியதையை நான் இழந்துவிட்டேன். நீ யோசித்து எது செய்தாலும் அம்மா உன் பக்கம் நிற்பாள். இதைப் படித்த அன்றைக்கு மட்டும் ரூமில் தனியாக இருக்காதே, கூட வேலை பார்க்கிற யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். டூட்டியில் ஊசி மருந்து கொடுக்கிற கை, மனசு சரியில்லாவிட்டால் ஒரு நாள் லீவு கேள். நின்றுகொண்டே சாப்பிடாதே அம்மா, பத்து நிமிஷம் உட்கார்ந்து சாப்பிடு. என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அதை அப்படியே எழுது, மரியாதைக்காக மறைக்காதே. எழுத வரவில்லையென்றால் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி அம்மா பேருக்குப் போடு.

கர்த்தர் உன் உடம்பையும் மனசையும் காக்கட்டும், வேளாங்கண்ணி மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளையின் வாட்சும் உன்னுடைய கடிதமும் பீரோவில் இருக்கிறது, கடிதம் அன்றைக்கு அவர் கழற்றி வைத்த சட்டைப்பையில்தான் இருந்தது, நனையவில்லை. நீ வரும்போது எடுத்துக்கொள்.

இதை ஒட்டித் தபாலாபீசில் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே பதினோரு மணி பஸ்ஸில் பேராவூரணி போகிறேன். சம்மந்தியம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும். அவர்கள் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன். தனியாகத்தான் போக நினைத்தேன். இதை எழுதி முடிக்கிற நேரத்தில் உங்கம்மா புடவை மாற்றிக்கொண்டு, அனிட்டாவுக்குத் தலைவாரி, கதவைப் பூட்டச் சாவியோடு வாசலில் நிற்கிறாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. அருள்சாமி